விமானக் கொம்பனிக்கு ஒரு நேர்த்தி

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் வெளிநாட்டில் விமானம் செய்கிற ஒரு பெரிய கொம்பனி போன வருடம் எப்படி வியாபாரம் செய்தது, எதில் லாபம் கண்டது, எதில் பிந்தியது என்று பெரியகல்லாற்றில் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். பல வருடங்களாக அதன் ஆண்டு முடிவுக் கூட்டத்தை எழுதிக் கொடுத்தவள் நான்.

பெரிய கொம்பனிகள் வருடம் முடிந்ததும் கணக்கை வெளியிட்டு, இன்டர்நெட்டில் ஒரு கூட்டம் வைக்கும். தலைவர் பேசுவார். நிதிக்குப் பொறுப்பானவர் பேசுவார். பிறகு பங்குச் சந்தையைக் கவனிக்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள். அதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதி அன்றைக்கே அனுப்ப வேண்டும். இப்போது முதல் பிரதியைக் கணினியே எழுதித் தந்துவிடுகிறது. அது பிழையாகக் கேட்டதைத் திருத்துவது, யார் பேசினார் என்று போடுவது, இருமலை விட்டுவிடுவது, சிரிப்பைக் குறிப்பது, இவ்வளவும் என் பாடு. ஆங்கிலம் படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது கூடப் படித்த ஒருத்தி சேர்த்துவிட்ட வேலை இது.

ஹோட்டல்காரர்கள், மருந்துக் கொம்பனி, சீமெந்துக் கொம்பனி என்று பலதும் வரும். எனக்குப் பிடித்தது விமானக் கொம்பனிதான். அதன் தலைவர் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவார். வசனத்தின் பாதியில் குரலைத் தாழ்த்தி முணுமுணுப்பார். கணினிக்கு அந்த முணுமுணுப்பு விளங்குவதேயில்லை. எனக்கு விளங்கும். அதில் எனக்கொரு பெருமை. வீட்டில் அவரை "எங்கட தலைவர்" என்றே சொல்லிப் பழகிவிட்டேன். "இந்த முறை எங்களுக்கு எஞ்சின் வந்துசேரப் பிந்திட்டு, அதால குறைய பிளேன்தான் குடுத்த நாங்க" என்று சோற்றுக்கு முன்னால் இருந்து நான் சொல்ல, களுவாஞ்சிக்குடியில் ரீவி, மின்விசிறி திருத்துகிற என் கணவர், "ஓம், நீங்க பாவம்" என்று சிரிப்பார்.

எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தார். எனக்கு மச்சாள். கலியாணம் முடிக்காதவர். காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். கூட்டம் அவர்களுக்குக் காலையென்றால் எங்களுக்குப் பின்னேரம். அந்த நேரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள்தான் எல்லாச் சத்தமும் வரும். மீன்காரர் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். தலைவரின் முணுமுணுப்பில் ஒரு எண் பிசகினாலும் எனக்கு வேலை போய்விடும். ஆகவே "இண்டைக்குக் கூட்டம்" என்று நான் சொன்னால் போதும். மச்சாள் ஒழுங்கை முகப்பில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருந்துவிடுவார். மீன்காரரை அங்கேயே மறித்து மீனை வாங்குவார். பாண் ஓட்டோவை உள்ளே விடமாட்டார். "உள்ளுக்க எங்கட புள்ள வெள்ளக்காரனோட வேல செய்யிறா, சத்தம் போடாம போங்க" என்பார். பக்கத்து வீட்டு ரேடியோவும் குறையும். ஒழுங்கை முழுக்க எனக்காக மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கொரோனாக் காலத்தில் பறப்பு நின்றது. அந்த வருட முடிவுக் கூட்டத்தில், ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகத் தலைவர் சொன்னார். சொல்லும்போது அவருடைய குரல் கம்மியது. நான் அழுதுகொண்டே எழுதினேன். எழுந்து வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்து மச்சாள் பயந்துவிட்டார்.

"என்னகா? வேலய விட்டு நிப்பாட்டிட்டானுகளா?"

"எனக்கில்ல மச்சாள். பிளேன் செய்யிற கொம்பனிக்கு. ஒருத்தரும் பிளேன் வாங்குறாங்க இல்லயாம்."

"ஐயோ பாவம். இஞ்ச எத்தின ஆக்கள்ர புள்ளயள் வர வழியில்லாம அங்கால நிக்குதுகள்." கிழக்கே திரும்பிக் கை கூப்பினார். "அம்மாளே, அந்தக் கொம்பனி பழையபடி எழும்பட்டும். வைகாசியில உனக்குப் பொங்கி, பட்டும் சாத்துறன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணகி அம்மனுக்கும் எங்கோ இருக்கிற விமானத் தொழிற்சாலைக்கும் என்ன தொடர்பு என்று நினைத்தேன். வேண்டாம் என்று தடுக்கவில்லை. அவருடைய நேர்த்தி உண்மையில் எனக்காக, என் வேலைக்காக என்பதும் தெரியும். அது இதமாக இருந்தது.

அந்தக் கொம்பனி பயணிகள் விமானம் மட்டும் செய்யவில்லை. போர் விமானமும் செய்தது. கணக்கில் அதற்குப் "பாதுகாப்புப் பிரிவு" என்று பெயர். நான் வருடாவருடம் அதையும் எழுதினேன். வீட்டில் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைத்ததில்லை. வருமானத்தில் அது சின்னப் பங்கு, பெரிய பங்கைத்தானே ஆட்களுக்குச் சொல்வது, அவ்வளவுதான் என்று இருந்தேன்.

மச்சாளின் காலைப் பற்றி எனக்குத் தெரியாதென்று சொல்ல வழியில்லை. கலியாணம் முடித்து வந்த முதல் கிழமையே கணவர் சொன்னார். சண்டைக் காலத்தில் அவர்கள் படுவான்கரையில், வாவிக்கு மற்றப் பக்கம் இருந்தார்கள். அக்காவும் தங்கையும் வயல் வட்டைக்குள் வேலை செய்கிறவர்களுக்குச் சோறு கொண்டுபோனார்கள். பரந்த வயல்வெளி, ஒதுங்க ஒரு மரமும் இல்லை. விமானம் வந்தது. இருவரும் வரம்போரம் படுத்தார்கள். எழும்பியது ஒருவர். அவருடைய தொடைக்குள் போன இரும்புத் துண்டை எடுக்கப் போனால் கால் போய்விடும் என்று டொக்டர்மார் உள்ளேயே விட்டுவிட்டார்கள். மாரி காலத்தில் அது குத்தும். அப்போது நான்தான் எண்ணெய் சூடாக்கிக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு வந்து கணினிக்கு முன்னால் இருந்து, பாதுகாப்புப் பிரிவு எத்தனை வீதம் வளர்ந்தது என்று எழுதுவேன். இந்த இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

கொரோனா போய்ச் சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மாசி மாதக் கூட்டம். தலைவர் உற்சாகமாக இருந்தார். செருமல் கூடக் குறைவு. பயணிகள் விமானம் பழைய நிலைக்கு வந்துவிட்டது, வருமானம் கூடியிருக்கிறது, கையில் உள்ள ஓடர்கள் முன்னொருபோதும் இல்லாத அளவு என்றார். நிதிப் பொறுப்பாளர், எல்லாவற்றையும் விட வேகமாக வளர்ந்தது பாதுகாப்புப் பிரிவு என்றார். உலக நிலைமை அப்படி, எல்லா நாடும் கேட்கிறது, தொழிற்சாலைக்கு மேலதிக ஆட்கள் எடுக்கிறோம் என்றார்.

கேள்வி நேரத்தில் ஒருவர் கேட்டார். இந்தச் சண்டைகள் முடிந்துவிட்டால் உங்கள் வளர்ச்சி என்னாகும்?

தலைவர் செருமினார். ஒரு மனிதனாக, நாளைக் காலையே சமாதானம் வர வேண்டும் என்றுதான் தான் விரும்புவதாகச் சொன்னார். பிறகு, நாளைக்கே வந்தாலும் நீங்கள் பயப்பட வேண்டாம், கையில் இருக்கும் ஓடர்களை முடிக்கவே பல வருடம் பிடிக்கும் என்றார்.

கேள்வி கேட்டவர் உடனே, "அப்படியென்றால் சமாதானம் வரலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாய்க்குள் அல்ல. வாய்விட்டு, சத்தமாகச் சிரித்தேன். கெட்டிக்காரத்தனமான பதில், அதற்குச் சரியான நேரத்தில் விழுந்த மறுபேச்சு, எத்தனையோ வருடம் கேட்டுப் பழகிய குரல். நான் அவர்களில் ஒருத்தியாகத்தான் சிரித்தேன். பிறகு அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். எனக்கிருந்த ஒரே யோசனை, சிரிப்பு என்ற குறிப்பைக் கேள்வி கேட்டவருடைய கடைசிச் சொல்லுக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்பதுதான். பின்னால் போட்டேன்.

ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால் மச்சாள் வாசலில் நிற்கிறார். கையில் மீன் பை. அவருடைய முகமெல்லாம் சிரிப்பு.

"என்னகா அப்பிடிச் சிரிச்ச? ஒழுங்க முகப்பு மட்டும் கேட்டிச்சு. நான் ஆக்கள மறிச்சி வெச்சிருக்கன், நீ சத்தம் போடுறாய்."

நான் கணினியைப் பார்த்தேன். திரையில் அந்த வரி இருந்தது.

"ஒண்டுமில்ல மச்சாள். ஒரு பகிடி."

"என்ன பகிடி?"

"அது... கொம்பனிக்கு நல்ல லாபமாம்."

"மெய்தான்? எழும்பிட்டானுகளா?" மீன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினார். "பாத்தியா, அம்மாள் கைவிடல்ல. வைகாசிக்குப் பொங்கிடுவம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். மீன் பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். மாசி, பங்குனி, சித்திரை போனது. நான் ஒவ்வொரு நாளும் இடியப்பத்துக்கு மாக் குழைக்கும் அவருக்குப் பக்கத்தில் நின்று, இன்றைக்குச் சொல்வோம் என்று நினைத்து, தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் திருத்திக்கொண்டிருந்த மின்விசிறியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்காக்கிட்ட சொல்லாத," என்றார். ஒரு திருகாணியை இறுக்கிவிட்டு, "நீ அந்தப் பிளேன செய்யல்லயே. எழுதினதுதானே" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வைகாசியில், வருடாந்தச் சடங்குக்காக அம்மன் கோயில் கதவு திறந்தது. மச்சாள் விரதம் இருந்தார். பொங்கலன்று காலையில் சூடேறிக்கொண்டிருந்த மணலில் காலை இழுத்து இழுத்துக் கோயிலைச் சுற்றி வந்தார். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் தானே தெரிந்தெடுத்த சிவப்புப் பட்டைக் கொடுத்தார். பானை பொங்கியபோது அவர் போட்ட குரவைதான் எல்லோரையும் விடப் பெரிதாகக் கேட்டது. பிறகு பொங்கலை வாழையிலையில் வைத்து எங்கள் ஒழுங்கை ஆட்களுக்கெல்லாம் கொடுத்தார்.

"என்ன நேத்தி அக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எங்கட புள்ளட பிளேன் கொம்பனிக்கு. கொரோனாக்குள்ள விழுந்து கிடந்திச்சு, அம்மாள் எழுப்பி விட்டுட்டா" என்றார்.

ஆட்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். கட்டாரில் மகன் வேலை செய்கிற பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்து, "உங்களாலதான் புள்ளயள் வந்து போகுதுகள்" என்றார். நான் "ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது? மச்சாள் ஒரு பிடி பொங்கலை எடுத்து என் வாயில் வைத்தார். சர்க்கரையும் நெய்யும் கூடுதலாகப் போட்ட பொங்கல். அதை விழுங்குவதற்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்தி என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, பின்னேரம் அவர் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தபோது சொன்னேன். சுடுமணலில் நடந்ததில் கால் வீங்கியிருந்தது. நான் தரையில், அவருக்கு முன்னால் இருந்தேன்.

"மச்சாள், அந்தக் கொம்பனி சண்டைப் பிளேனும் செய்யிற."

அவருடைய கை நிற்கவில்லை. "எந்தக் கொம்பனி?"

"நீங்க நேத்தி வெச்ச கொம்பனி."

"ஆக்கள் போற பிளேன் எண்டுதானே சொன்ன?"

"அதும் செய்யிற. இதும் செய்யிற. இந்த முறை இதுதான் எல்லாத்தையும் விட வேகமா வளந்த. அண்டைக்கு நான் சிரிச்சது..." என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். கேள்வி கேட்டவர் சொன்னது, தலைவர் சொன்னது, நான் சிரித்தது. தமிழில் சொல்லும்போது அதில் ஒரு பகிடியும் இல்லை.

மச்சாள் கையை ஒரு பழந்துணியில் துடைத்தார்.

"எங்களுக்கு மேல வந்ததும் இவங்கட பிளேனா?"

"இல்ல மச்சாள்." அதை மட்டும் நான் வேகமாகச் சொன்னேன். "நான் தேடிப் பாத்த. அது வேற நாட்டுட."

சொன்னவுடனே எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. என் ஆட்கள் இல்லை, வேறு ஆட்கள். அந்த ஆறுதலோடு நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவருக்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்று கண்டதும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தச் சிரிப்பு உன்ட மிசினுக்குள்ள இரிக்கா?" என்று கேட்டார்.

"இரிக்கு."

"எனக்கு ஒருக்காக் கேக்கத் தா."

கணினியைக் கொண்டுவந்து, ஹெட்போனை அவர் காதில் வைத்து, அந்த இடத்தைப் போட்டேன். மச்சாளுக்கு ஆங்கிலம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எந்த நேரத்தில் என்ன வரும் என்று மனப்பாடம். இப்போது கேள்வி. இப்போது செருமல். இப்போது தலைவர். இப்போது மற்றவர்.

மச்சாளின் உதடு விரிந்தது. அவர் சிரித்தார். அவரை அறியாமல், பலர் ஒன்றாகச் சிரிப்பதைக் கேட்டால் யாருக்கும் வருகிற சிரிப்பு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோதும் அது முகத்தில் மிச்சமிருந்தது. பிறகு அவராகவே அதைத் துடைத்தெடுப்பதுபோல வாயில் கை வைத்தார். ஹெட்போனைக் கழற்றி என் கையில் தந்தார்.

"நல்ல மனிசர் மாதிரித்தான் இரிக்கி," என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த நாள் இடியப்பம் கொடுத்துவிட்டு வந்து, முற்றத்தில் நின்றபடியே கேட்டார். "புள்ள, வெச்ச நேத்தியத் திருப்பி எடுக்கேலுமா?"

எனக்குத் தெரியாது என்றேன். கோயிலில் பூசை செய்கிற கட்டாடியாரிடம் கேட்டு வருகிறேன் என்று போனார். கூட வா என்று கூப்பிடவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் காலை இழுத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடக்கும் வரை மறைவாக நின்று பார்த்தேன். கட்டாடியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார், ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் எனக்கு முதலில் வந்த பயம். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னார்?"

"தெரியாம வெச்சதுக்கு அம்மாள் கோவிக்க மாட்டாவாம். ஆனா குடுத்தது குடுத்ததுதானாம்." செம்பில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். "உன்ட கதை ஒண்டும் நான் பறையல்ல. எனக்கெண்டுதான் கேட்ட."

அன்று பின்னேரம் எங்கள் வேலையை ஒழுங்கு செய்கிற பெண்ணுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவர் வேறொரு நாட்டில் இருப்பவர். முகம் பார்த்ததில்லை. இனிமேல் அந்தக் கொம்பனியை எனக்குத் தர வேண்டாம் என்று எழுதினேன். ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொல்லலாம் என்று தட்டத் தொடங்கினேன். மச்சாளின் எழும்பாத தங்கை, வயல், இரும்புத் துண்டு. ஆங்கிலத்தில் பார்க்க, யாரிடமோ இரக்கம் கேட்பதுபோல இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எங்கள் பக்கம் பின்னேரங்களில் கரண்ட் சரியில்லை, நீளமான கூட்டங்கள் கஷ்டம் என்று எழுதினேன். கரண்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. என் ஊரின் மேல் பழியைப் போட்டேன். அந்தப் பெண் உடனே பதில் போட்டார். எவ்வளவு கஷ்டமான சூழலில் நீங்கள் இவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறீர்கள், அந்தத் தலைவரின் பேச்சை உங்களைப்போல யாரும் எழுதமாட்டார்கள் என்று எழுதி, ஒரு பூவும் அனுப்பியிருந்தார். அந்தப் பூவைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

அதற்குப் பிறகு எனக்குப் பெரும்பாலும் சின்னக் கொம்பனிகளின் குறுகிய கூட்டங்களே வந்தன. வருமானம் குறைந்தது. மச்சாள் என்னோடு முகம் கோணவில்லை. பழையபடி பேசினார், பழையபடி சிரித்தார். மாரி வந்தபோது மட்டும், நான் எண்ணெய் சூடாக்க எழும்பினால், "நீ இரி, நான் செய்யிறன்" என்று தானே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

இந்த வருடம் மாசியில், எனக்கு வேறெந்த வேலையும் இல்லாத ஒரு பின்னேரம், அந்தக் கொம்பனியின் கூட்டம் என்று தெரியும். யாரும் கேட்கலாம், தடையில்லை. கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கடைசியில் செய்தியில் முடிவைப் பார்த்தேன். வருமானம் கூடியிருந்தது, ஓடரும் கூடியிருந்தது. பயணிகள் விமானத்துக்கு எஞ்சின் பிந்துவது மட்டும் தீரவில்லை.

மச்சாள் உலர்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மடித்து முடித்துவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"அவங்க எப்பிடியாம் இந்த வருசம்?"

"நல்லாத்தானாம்," என்றேன்.

குரலைச் சாதாரணமாக வைத்திருக்கத்தான் பார்த்தேன். ஆனால் அதற்குள் ஒரு சின்ன சந்தோசம் வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். என் சட்டைகளைத் தனியாக என் கட்டிலில் வைத்துவிட்டு, அடுத்த நாளுக்கு அரிசி ஊறப்போடப் போனார்.